அமர்நீதியார் தராசும் சொக்சோ கடிதமும்

கடிதம் மலாயில் இருக்கும். நீளமும் அதிகம் இராது. இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் வரை உங்கள் கணக்கில் கூடுதலாகப் பணம் சேர்ந்துவிட்டது, அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று சொல்லும். குடும்பத் தலைவர் இறந்தபின் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பென்ஷனை நம்பி வாழும் குளுவாங் வீடு ஒன்றுக்கு அப்படியொரு கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைக்குரிய பங்கு அவனுக்கு 21 வயது ஆனதும், அதற்கு முன்பே திருமணம் நடந்தால் அப்போதே, நின்றுவிட வேண்டும். பட்டப்படிப்பில் இருப்பவர்கள், உடல் இயலாதவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. மகன் கல்யாணத்தைச் சொக்சோவுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பணம் வந்துகொண்டே இருந்தது. அரிசியும் பருப்பும் மின்கட்டணமுமாகச் செலவாகியும் போனது. மாதம் 200 ரிங்கிட் வீதம் 18 மாதம் என்று வைத்துக்கொண்டால் 3,600 ரிங்கிட்.

அதே வீட்டில் வேறு கடன்களும் இருக்கும். மோட்டார் சைக்கிள் தவணை. மகளின் பிடிபிடிஎன் கல்விக் கடன். அடகுக் கடையில் கிடக்கும் வளையல். ஆறு மாதத்தில் மீட்க வேண்டும், மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. தெரிந்தவர்களோடு சேர்ந்து போட்ட கூட்டு. 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டும் ஓயாத பழக்கம் அது. மளிகைக் கடையில் பாக்கி. சில வீடுகளில் இவை எல்லாவற்றையும் மிரட்டிக்கொண்டு, ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரரின் கடன்.

இத்தனை பேர் கைநீட்டி நிற்கும் வரிசையில் அரசு நிறுவனத்தை எங்கே நிறுத்துவது? நாம் கேட்காமலே வந்த பணத்தை, அவர்கள் கணக்கில் தவறி அனுப்பிய பணத்தை, பசிக்குச் செலவழித்துவிட்ட பணத்தைத் திருப்பித் தருவது கடமைதானா? கடமை என்றால் அதற்கு எல்லை எது? கணக்கு நோட்டில் தொடங்கும் இந்தக் கேள்விக்கு விடை தேடினால் சேக்கிழார் வரையும் பரிமேலழகர் வரையும் போக வேண்டியிருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை எளிது, கசப்பானதும்கூட. கடமைதான். மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவிலிருந்து வந்த விதி இது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அறம் அதையேதான் சொல்லும். "சர்க்கார் காசுதானே" என்ற பேச்சு சொக்சோவுக்குப் பொருந்தாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971-இல் தொடங்கிய அந்த நிதி, தொழிலாளிகளின் சம்பளத்திலிருந்தும் முதலாளிகளிடமிருந்தும் மாதாமாதம் சேரும் சந்தாவால் நிற்பது. நாளை கை இழக்கப்போகும் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் பணமும் அதில் உண்டு. மூன்று ஷிப்டு மாறி மாறி வேலை செய்யும் ஒருவரின் சந்தா தவறுதலாக நம் வீட்டுக்கு வந்துவிட்டால், தவறு யாருடையது என்பதை வைத்து அது நமதாகிவிடாது. வள்ளுவர் பிறர் பொருளைப் பற்றி இரண்டு இடங்களில் பேசுகிறார்: துறவியர்க்குரிய பகுதியில் கள்ளாமை, இல்லறத்தார்க்குரிய பகுதியில் வெஃகாமை. குடும்பஸ்தனுக்கு அவர் வைக்கும் சோதனை திருடினாயா என்பதையும் தாண்டியது. உனக்கு உரியதல்லாததைத் தெரிந்தும் மனத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாயா என்பதே அது.

இரண்டாவது கேள்விதான் கடினம். எதுவரை?

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இதற்கு நேராக ஒரு கதை இருக்கிறது. பழையாறையில் அமர்நீதி என்ற வணிகர். பொன்னும் பட்டும் விற்றுச் செல்வம் சேர்த்தவர்; சிவனடியார்களுக்கு உணவும் கோவணமும் கொடுப்பதைத் தொண்டாகக் கொண்டவர். திருநல்லூரில் அதற்காகவே மடம் கட்டினார். ஒரு நாள் பிரமசாரி ஒருவர் வந்தார். அவர் தண்டில் இரண்டு கோவணங்கள் கட்டியிருந்தன. ஒன்றைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து கேட்டபோது வைத்த இடத்தில் கோவணம் இல்லை. புதிய கோவணம், பட்டு, பொன் என்று அமர்நீதியார் எதைத் தருவதாகச் சொன்னாலும் வந்தவர் ஏற்கவில்லை. தண்டில் மிச்சமிருந்த கோவணத்தைக் காட்டி, அதற்கு ஈடான எடையில் துணி கொடுத்தால் போதும் என்றார். தராசு வந்தது. ஒரு தட்டில் அந்தத் துண்டுத் துணி. மறு தட்டில் வீட்டிலிருந்த துணியெல்லாம் ஏறியது, பிறகு பொன், வெள்ளி, எல்லாச் செல்வமும் ஏறியது. தட்டு சமப்படவில்லை. கடைசியில் மனைவியோடும் பிள்ளையோடும் தாமே தட்டில் ஏறினார் அமர்நீதியார். அப்போதுதான் தராசு நேர் நின்றது.

பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சில நுணுக்கங்களைக் கவனிக்காமல் கடந்துவிடுவதுண்டு. பிரமசாரி வேடத்தில் வந்தவர் சிவன்; கோவணத்தை மறைத்தவரே அதைக் கேட்டு வந்தவர். தவறைத் தாமே உண்டாக்கி, அதற்குத் தாமே ஈடு கேட்டார். அந்த உரிமை அவருக்கு இருந்தது. தட்டில் ஏறிய பொன்னும் மனிதரும் ஏற்கெனவே அவருடையவை. குடும்பத்தைத் தட்டில் ஏற்றச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. அது அமர்நீதியார் தாமாக எடுத்த முடிவு. ஏறியவர்கள் இழந்தது ஒன்றும் இல்லை, சிவலோகம் பெற்றார்கள்.

இப்போது பிரமசாரி நின்ற இடத்தில் ஓர் அரசு அலுவலகத்தை வைத்துப் பார்த்தால் நியாயம் முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. கணக்கைத் தவறவிட்டதில் அலுவலகத்துக்கும் பங்கு உண்டு. ஈடு கேட்பதும் அதே அலுவலகம். ஆனால் அந்த வீட்டுப் பொன் அதற்குச் சொந்தமில்லை, மனைவி மக்கள் அதற்குச் சொந்தமில்லை, தட்டில் ஏறினால் கிடைக்கும் சிவலோகமும் அதனிடம் இல்லை. எடை எடையாகவே நிற்கும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. படிவத்தில் சிறு பிழை இருந்தாலும் கொடுத்த தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது வரித்துறை. ஆயிரக்கணக்கான பெற்றோர் கடனில் மூழ்கினர். குடும்பங்கள் உடைந்தன. 2021 ஜனவரி 15 அன்று மார்க் ருட்டேயின் அமைச்சரவை அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகியது.

அமர்நீதியார் கதை கொடுப்பவனின் மனத்தைப் பற்றியது. கேட்பவன் எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்குச் சேக்கிழாரிடமே இன்னொரு கதை உண்டு, அதிலும் கேட்டு வருபவர் சிவன்தான். புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் நுழைகிறார். உன் பாட்டன் எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், நீயும் உன் வழியினரும் எனக்கு அடிமை என்கிறார். கோபத்தில் சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். முதியவர் அதோடு விடவில்லை. கிழிந்தது படி, மூல ஓலை இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. அங்கே அவையோர் முதியவரின் தோற்றத்தைக் கண்டு தலையாட்டிவிடவில்லை. ஆட்சியா, ஆவணமா, சாட்சியா, எதைக் கொண்டு நிறுவுவாய் என்று கேட்கிறார்கள். மூல ஓலையை வாங்கிப் படிக்கிறார்கள். பாட்டனார் கையெழுத்துள்ள வேறொரு ஓலையைக் காப்பகத்திலிருந்து வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறகே தீர்ப்பு.

மூவுலகும் தமக்கே சொந்தமான ஒருவர் கூடக் காகிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கேட்பவருக்கு உரிய சுமை அது. ஆஸ்திரேலிய அரசு அந்தச் சுமையைத் தூக்கிக் கேட்கப்பட்டவர் தலையில் வைத்தது. ரோபோடெட் என்று பெயர் பெற்ற திட்டத்தில் ஒருவரின் ஓராண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்குகளாகச் சமமாகப் பிரித்து, அவர் உதவித்தொகையைக் கூடுதலாகப் பெற்றுவிட்டார் என்று கணினி முடிவு செய்தது. ஆண்டில் ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையின்மை என்று வாழும் தற்காலிகத் தொழிலாளிக்கு அந்தச் சராசரி பொய்க் கணக்கு. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவந்து, நான் கடனாளி இல்லை என்று அவர்தான் நிறுவ வேண்டியிருந்தது. 2020 மே மாதம் சுமார் 4,70,000 கடன்களுக்காக வசூலித்த 72 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2023 ஜூலையில் அளித்த அறிக்கை அந்தத் திட்டத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு உறவான ஒன்று நடந்தது. பிரதமரின் கிசான் திட்டத்தில் நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டிருப்பது தெரியவந்தது. போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். இடைத்தரகர்களும் கணினி மையங்களும் சேர்த்துவிட்டவர்களில் பலர், எதற்காகப் பணம் வந்தது என்று அறியாத ஏழைகள். வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் திரும்பப் பெறப்பட்டது. பணம் பொதுப் பணம், திரும்ப வேண்டியதுதான். ஆனால் தரகன் செய்த சூழ்ச்சிக்கும் கூலிக்காரர் அறியாமைக்கும் கணக்கில் ஒரே எடை போடுவது தராசைச் சரியாகப் பிடிப்பதாகாது.

சரி, காகிதமும் சரியாக இருக்கிறது, தொகையும் சரி. ஒரு வீடு மாதம் எவ்வளவு கொடுக்கலாம்? இந்த இடத்தில் பரிமேலழகர் கைகொடுக்கிறார். இல்வாழ்க்கை அதிகாரத்தில் வள்ளுவர் குடும்பஸ்தன் காக்க வேண்டியவர்களாக ஐவரைச் சொல்கிறார்: மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியில் தான். அதற்கு உரை எழுதும் பரிமேலழகர், அரசனுக்குரிய வரி ஆறில் ஒரு பங்காக இருப்பதற்குக் காரணம் காட்டுகிறார்: மற்ற ஐந்து பங்கும் இந்த ஐந்து கடமைகளுக்கு வேண்டும். அரசின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதை அரசின் தேவையைக் கொண்டு அளக்காமல், குடும்பத்தின் கடமைகளைக் கொண்டு அளந்த உரை அது. ஐவரில் ஒருவனாகத் தன்னையும் வள்ளுவர் சேர்த்திருப்பது தற்செயல் இல்லை. சோறின்றி விழுந்துவிட்டவனால் மற்ற நால்வரையும் காக்க முடியாது. கடனைக் கொடுக்கவும் முடியாது.

இன்றைய சட்டங்களிலும் இதே உணர்வின் சாயல் உண்டு. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், முதலாளி தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைப் பிடித்தம் செய்ய அனுமதிக்கிறது, ஆனால் முந்தைய மூன்று மாதங்களில் கொடுத்ததை மட்டும். ஒரு மாதத்தின் மொத்தப் பிடித்தமும் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் இரண்டு குரல்கள் ஒலித்திருக்கின்றன. 2012-இல் சண்டி பிரசாத் உனியால் வழக்கில், கூடுதலாகப் போனது வரி கட்டுவோரின் பணம், அது கொடுத்த அதிகாரிக்கும் சொந்தமில்லை, வாங்கியவருக்கும் சொந்தமில்லை என்று கூறி, 12 மாதத் தவணையில் பிடிக்கச் சொன்னது. 2014 டிசம்பர் 18 அன்று ரஃபிக் மசீஹ் வழக்கில், நீதிபதி கேஹர் தலைமையிலான அமர்வு எங்கே பிடிக்கக் கூடாது என்று பட்டியலிட்டது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தவறு தொடர்ந்த இடங்கள். பிடிப்பதால் வரும் கொடுமை, முதலாளி இழக்கும் தொகையைவிடப் பெரிதாக இருக்கும் இடங்கள். 2022-இல் தாமஸ் டேனியல் என்ற கேரள ஆசிரியரின் வழக்கிலும், அவர் ஏமாற்றிப் பெறவில்லை என்பதால் பிடித்தம் கூடாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை சம்பள வழக்குகள், இந்திய வழக்குகள். குளுவாங்கில் சட்டமாகச் செல்லுபடியாகாதவை. ஆனால் இரண்டு குரல்களையும் சேர்த்துக் கேட்டால் அறத்தின் வடிவம் தெரிகிறது. பணம் பொதுப்பணம், திரும்ப வரும் வேகத்தை வீட்டின் வலிமை தீர்மானிக்கட்டும்.

அடுத்தது, யாருக்கு முதலில்? பெரும்பாலான வீடுகளில் உரக்கக் கத்துகிறவருக்கு முதலில் பணம் போகிறது. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் ஆலோங்குக்கு முதல் தவணை, பொறுமையாக இருக்கும் உறவினருக்குக் கடைசி. பயம் வகுக்கும் வரிசை இது. 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதே குற்றம். அடித்து வாங்கும் வட்டிக்கு அறத்தின் முன் இடமில்லை. அடுப்பு எரிவதும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் வரிசையில் முதலில் நிற்க வேண்டும், பிறகு தாமதித்தால் வீட்டையும் வேலையையும் இழக்கச் செய்யும் கடன்கள், பிறகு வட்டி ஏறாத கடன்கள். சொக்சோ கேட்கும் தொகை பெரும்பாலும் அந்த மூன்றாம் இடத்துக்கு வரும். அதை அடைக்க ஆலோங்கிடம் போவது ஒரு கடமையைச் செய்ய ஐந்து கடமைகளைக் கைவிடுவதற்குச் சமம்.

இந்தப் பயத்துக்கு வரலாறும் உண்டு. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்தவர்கள் பலர் கப்பல் ஏறும் முன்பே முன்பணக் கடனோடு வந்தார்கள். அந்தக் கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளி அதைச் சரிபார்க்க வழியில்லை. முதலாளிகளிடம் தீர்வை வசூலித்துப் பயணச் செலவைக் கொடுக்கும் தமிழர் குடியேற்ற நிதி 1907-இல் வந்த பிறகே வழிச் செலவுக் கடன் தளரத் தொடங்கியது. குளுவாங்கைச் சுற்றிய கித்தா, செம்பனைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு, காகிதத்தில் எழுதி வந்த தொகையைக் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்வதும் பார்க்காமலே அலமாரியில் செருகி வைப்பதும் அந்தக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கங்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. இரண்டுமே கெடுதல் செய்பவை.

தெய்வத்துக்குப் பட்ட கடனில் தமிழர்கள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்ட வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் அந்த ஆண்டு காவடி கிடையாது. அடுத்த ஆண்டு எடுத்தால் போதும். முருகன் கோபிப்பான் என்று யாரும் அஞ்சுவதில்லை, வேண்டுதல் ரத்தாகிவிட்டது என்றும் யாரும் நினைப்பதில்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்பர்களின் மரபில், ஜக்காத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் சிக்கியவர்களும் ஒரு வகை. கடனாளிக்கு அவகாசம் தருவதும் உதவுவதும் இறைப்பணியாக எண்ணப்படும் சமூகத்தின் நடுவே, ஓர் அலுவலகத்திடம் தவணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆகவே கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை தெளிவானவை. எந்த மாதங்கள், எந்த விதியின்படி, எப்படிக் கூட்டியது என்று எழுத்தில் கேட்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் சபை கேட்டது அதைத்தான். கணக்கில் உடன்பாடில்லை என்றால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் என்ற அமைப்பு சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கு சரியென்றால் வீட்டின் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, முடிந்த தவணையைத் தானாகவே முன்மொழிய வேண்டும். பென்ஷன் 600 ரிங்கிட் என்றால் ஆறில் ஒரு பங்கு 100. 3,600 ரிங்கிட் 36 மாதத்தில் தீரும். மற்ற கடன்களையும் சேர்த்துச் சமாளிக்க, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் மேலாண்மை அமைப்பு கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வங்கிக் கடன்களின் தவணையைத் திருத்தி அமைக்கவும் உதவுகிறது. திவால் ஆக்கிவிடுவார்கள் என்ற பயத்தையும் விடலாம். அந்த வழக்குக்கே குறைந்தது 100,000 ரிங்கிட் கடன் இருக்க வேண்டும்.

தெரிந்தே மௌனமாக இருந்தவர்? மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது, பணம் வரக் கூடாது என்று அறிந்தும் வாங்கிக்கொண்டவர்? அவருக்குப் பாரம் கூடுதல். உச்ச நீதிமன்றத்தின் சலுகைகள்கூட ஏமாற்றாதவர்களுக்கே. அவர் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும், தானாக முன்வந்து சொல்வதும் அவர் கடமை. ஆனால் அவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கலாம், படுக்கையில் தாய் இருக்கலாம். தவறு செய்தவர் ஒருவர். தட்டில் ஏற்றப்படுவது நால்வர். தொகையில் தளர்வு காட்டாமலே தவணையில் இரக்கம் காட்ட முடியும்.

அரசு நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. திருப்பிக் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தோடும் இன்னொரு தாளை இணைக்கலாம்: மாதவாரியான கணக்கு, பயன்படுத்திய விதி, தவணை கேட்கும் முறை, மேல்முறையீட்டுக்கான காலக்கெடு, பேச வேண்டிய அதிகாரியின் தொலைபேசி எண். மலாய் வாசிக்கத் தடுமாறும் முதியவர்கள் தமிழ் வீடுகளிலும் உண்டு, சீன வீடுகளிலும் உண்டு. அந்தத் தாள் மூன்று மொழிகளிலும் வரட்டும். பிள்ளையின் 21-ஆம் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே, பங்கு நிற்கப்போகிறது என்று வீட்டுக்கு ஒரு செய்தி போகட்டும். குளுவாங்கின் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் மாதத்தில் ஒரு மாலை, இத்தகைய கடிதங்களைப் படித்து விளக்கவும் பதில் எழுதித் தரவும் இரண்டு பேரை உட்கார வைக்கலாம்.